பக்ஷிராஜனுக்கு வக்காலத்து

ஒரு ரஜினிகாந்த் படத்தைப் பற்றி, அதுவும் வந்து இத்தனை வருஷம் ஆகிவிட்ட ஒரு படத்தைப் பற்றி, இந்தப் பத்திரிகையில் எழுதுவதாவது என்று நண்பர்கள் இருவர் முகம் சுளித்தார்கள். ஒருவர், 'திட்டுவதற்குக்கூட ஒரு அருகதை வேண்டாமா அதற்கு?' என்றார். இன்னொருவர் பேசவே இல்லை. வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு தெருவைப் பார்த்தார். நம் சிறுபத்திரிகை வட்டாரத்தில் இது பழைய நோய். வியாபார சினிமா என்று ஒரு பெயரை ஒட்டிவிட்டால் போதும், அதைப் பார்க்கவேண்டிய பொறுப்பு முடிந்தது. லட்சக்கணக்கான ஜனங்கள் இருட்டில் உட்கார்ந்து எதைக் கண்டார்கள், எதை நம்பினார்கள், எந்த இடத்தில் கை தட்டினார்கள் என்பதெல்லாம் நம் பிரக்ஞைக்கு வெளியே நடக்கும் சங்கதிகளாகிவிடுகின்றன. நான் அந்தக் கைதட்டலுக்கு நடுவே உட்கார்ந்திருந்தவன். பக்கத்து நாற்காலியிலிருந்த பத்து வயசுப் பையன் கேட்ட ஒரு கேள்விக்கு இன்றுவரை பதில் சொல்லாதவன். அதனால் எழுதுகிறேன்.

படம் '2.0'. ஷங்கர் இயக்கி 2018 நவம்பர் 29ல் வெளிவந்தது. 2010ல் வந்த 'எந்திரன்' படத்தின் இரண்டாம் பாகம். பறவைகளுக்காகவே வாழ்ந்த பக்ஷிராஜன் என்ற கிழவர், செல்பேசிக் கோபுரங்களின் கதிர்வீச்சு பறவைகளைக் கொல்கிறது என்று வாசல் வாசலாகப் போய் மன்றாடுகிறார். யாரும் காது கொடுக்கவில்லை. ஒரு கோபுரத்தில் ஏறித் தூக்குப் போட்டுக்கொள்கிறார். செத்த பிறகு, ஊரிலுள்ள செல்பேசிகளையெல்லாம் பறித்துக்கொண்டு அவற்றையே உடம்பாக்கி ராட்சசப் பறவையாக வருகிறார். அவரை ஒடுக்க விஞ்ஞானி வசீகரன் தன் பழைய எந்திரனான சிட்டியை மறுபடி பூட்டி எழுப்புகிறார். விஞ்ஞானியும் எந்திரனும் ரஜினிகாந்த். பக்ஷிராஜன் அக்ஷய் குமார். கதை இவ்வளவுதான்.

ஆனால் எங்கள் பக்கத்து ஜனங்கள் இந்தப் படத்தைப் பார்த்த சந்தர்ப்பம் வேறு. படம் வருவதற்குப் பதின்மூன்று நாள் முன்னால், நவம்பர் 16 விடியுமுன், கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிற்று. லட்சத்துக்கு மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. தென்னையை நம்பிப் பிழைத்தவர்கள் ஒரே இரவில் ஒன்றுமில்லாதவர்களானார்கள். கோடியக்கரைக் காட்டில் மரங்கள் முறிந்து, மான்களும் குதிரைகளும் பறவைகளும் செத்துக் கிடந்தன. வேதாரண்யத்தோடு ஒப்பிட்டால் நாகூர் தப்பித்தது என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் ஒரு தாய். மகளை வேதாரண்யம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தாள். ஜெனரேட்டர் வைத்திருந்த ஒரு கடையில் போனுக்குச் சார்ஜ் போட இருபது ரூபாய் வாங்கினார்கள். அவள் தினமும் இருபது ரூபாய் கொடுத்துச் சார்ஜ் ஏற்றி, அந்தப் போனை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். அடிக்காது. ஆறாம் நாள் அடித்தது. எடுத்தவள் ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு போனை முந்தானையால் துடைத்து உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

இந்த ஊரிலிருந்து, டிசம்பர் முதல் வாரத்தில், தங்கை மகனை அழைத்துக்கொண்டு காரைக்காலுக்குப் பஸ் ஏறிப் போய்ப் படம் பார்த்தேன். திரையில், ஊர் பூராவும் செல்பேசிகள் கையை விட்டுக் கிளம்பி ஆகாயத்தில் பறந்தன.

படத்தின் பலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைப் பொறாமைக்காரன் என்று யாரும் சொல்லக்கூடாது. அந்த முதல் அரைமணி நேரம், தமிழ் வியாபார சினிமாவில் அபூர்வமாகத் தென்படும் உண்மையான கற்பனை. கோபுரத்தை நோக்கித் தள்ளாடிப் போகும் கிழவர். தலைக்கு மேல் வட்டமிடும் பறவைகள். பிறகு செல்பேசிகள் ஒவ்வொன்றாய், பத்தாய், ஆயிரமாய்ப் பறவைக் கூட்டத்தின் ஒழுங்கோடு எழும்புவது. தரையிலும் சுவரிலும் எறும்புச் சாரியாக அவை ஊர்ந்து வருகையில் உண்டாகும் பீதிக்கு ரத்தமோ அரிவாளோ தேவைப்படவில்லை. நம் கையில் எப்போதும் கதகதப்பாக இருக்கும் ஒரு சாமானை அன்னியமாக்கிக் காட்டிவிட்டார்கள். உருவகம் என்று கவிதை பற்றிப் பேசுகையில் வாய் கிழியப் பேசுகிறோமே, அதுதான் இது. பறவையைக் கொன்ற சாமான் பறவையாகிறது. இதை யோசித்தவன் அந்த நிமிஷத்தில் கலைஞன்தான். பாட்டுகளை ஏறக்குறைய ஒழித்ததும், காமெடி என்ற பெயரில் தனியாக ஒரு கோஷ்டியைச் சுமக்காததும்கூட ஷங்கரின் கணக்கில் வரவு வைக்கவேண்டியவை.

பிறகு என்ன நேர்ந்தது?

எங்கள் ஊரில் ஒரு கதை உண்டு, பலருக்கும் தெரிந்த கதைதான். நாகூர் ஆண்டவர் ஷாகுல் ஹமீது முகச்சவரம் செய்துகொண்டிருக்கிறார். நடுக்கடலில் ஒரு கப்பல் ஓட்டை விழுந்து மூழ்குகிறது. அதில் இருப்பவர்கள் அவரை நினைத்துக் கூவுகிறார்கள். அவர் கையிலிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியை வீசி எறிகிறார். அது போய் ஓட்டையை அடைத்துக்கொள்கிறது. சின்ன வயசில் கேட்டபோது எனக்குக் கப்பலைவிட அந்த நாவிதர்தான் பெரிதாகத் தெரிந்தார். தன் கண்ணாடி எங்கே போயிற்று என்று தெரியாமல், கையில் கத்தியோடு, பாதிச் சவரத்தில் விழித்துக்கொண்டு நிற்கும் மனுஷன். அற்புதத்துக்குச் சாட்சி அவர். அதன் நஷ்டமும் அவருடையது. அந்த ஒருவர் இருப்பதால்தான் கடல், கப்பல், ஓட்டை எல்லாம் நம்பத்தக்கவையாகின்றன. நம்பிக்கை உள்ளவன் இல்லாதவன் என்ற பேதம் இதற்கில்லை. கதை சொல்லும் ஜாதிக்கே தெரிந்த சூட்சுமம் இது.

'2.0'வில் நாவிதர் இல்லை. லட்சம் பேர் போனை இழக்கிறார்கள். ஒருவர்கூட எதையும் இழப்பதில்லை. வாயைப் பிளந்து ஆகாயத்தைப் பார்க்கும் கூட்டம், கடையை முற்றுகையிடும் கூட்டம், கூட்டம், கூட்டம். துபாயிலிருக்கும் மகனின் குரல் நின்றுபோன ஒரு தகப்பன் இல்லை. ராத்திரி போனில் மட்டுமே பேசிக்கொள்ளும் ஒரு புருஷன் பெண்டாட்டி இல்லை. எங்கள் தெருத் தாய் ஆறு நாள் திண்ணையில் உட்கார்ந்திருந்தாளே, அந்த ஆறு நாளின் ஒரு விநாடியைக்கூடப் படம் தொடவில்லை. போன் என்பது பொழுதுபோகாத கழுதைகளின் விளையாட்டுச் சாமான் என்பதே படத்தின் ஞானம். அது இல்லாமல்போனால் ஒரு வாழ்க்கை என்ன ஆகும் என்று காட்டத் துணிந்திருந்தால், பக்ஷிராஜன் செய்வது எத்தனை கொடூரம் என்று நாம் உணர்ந்திருப்போம். அவருடைய நியாயமும் அதே அளவுக்குக் கனத்திருக்கும். கனம் வந்துவிட்டால் எந்திரனுக்கு அங்கே வேலையில்லை. பயந்துவிட்டார்கள்.

அந்த நியாயத்துக்கு வருகிறேன். இங்கே ஒரு சங்கடம். பக்ஷிராஜன் சொல்லும் விஞ்ஞானம் நிற்காது. படம் வெளிவரும் சமயத்தில் இந்திய செல்லுலார் ஆபரேட்டர்கள் சங்கம் தணிக்கைக் குழுவுக்குப் புகார் எழுதிற்று, விஞ்ஞானத்துக்கு விரோதமான படம் என்று. வியாபாரிகள் விஞ்ஞானத்துக்குக் காவல் நிற்பதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது, ஆனால் அவர்கள் சொன்னதில் விஷயம் இல்லாமலில்லை. 2020ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, நாட்டளவில் சிட்டுக்குருவியின் தொகை ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்றது. கோபுரக் கதிர்வீச்சே காரணம் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. எங்கள் தெருமுனைக் கோபுரத்தின் இரண்டாம் தட்டில் காக்கை கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பதை நான் வருஷாவருஷம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கற்பனைப் படத்தில் விஞ்ஞானப் பிசகு பெரிய குற்றமில்லை. செல்பேசிகள் ஒன்றுகூடிப் பறவையாவதை ஒப்புக்கொண்ட எனக்குக் கதிர்வீச்சை ஒப்புக்கொள்வதில் என்ன கஷ்டம்? என் ஆட்சேபம் வேறு. சுலபமான கொலைகாரனைப் பிடித்துக்கொடுத்து நிஜக் கொலைகாரனைத் தப்பவிட்டார்கள். எங்கள் வீட்டில் குருவி இருந்தது, இப்போது இல்லை. ஓட்டுக்கூரை போய் மச்சு வீடு வந்தது. சுவரில் சாய்த்து மாட்டிய படங்களுக்குப் பின்னால் அது கூடு வைக்கும், அந்தப் படங்கள் போயின. முற்றத்தில் நெல் காயப்போட்டுப் புடைப்பது நின்றது. வயலிலும்தான் என்ன? 1960களில் ஆடுதுறை 27 வந்தது, கூடவே உரம் வந்தது, பாலிடால் வந்தது. தஞ்சாவூர் ஜில்லாவில் பாலிடால் எத்தனை பூச்சியைக் கொன்றது, எத்தனை மனுஷர்களை வரப்பில் சாய்த்தது என்பதை இந்தத் தலைமுறைக்கு யாராவது சொல்ல வேண்டும். குஞ்சுக்கு ஊட்டப் பூச்சி இல்லாத வயலில் குருவி என்ன செய்யும்? இன்னொன்று: நாடெங்கும் கழுகுகள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அழிந்தன. காரணம் மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து. செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகம் கெட்டது. 2004ல் கண்டுபிடித்தார்கள், 2006ல் மாட்டு வைத்தியத்தில் அதைத் தடை செய்தார்கள். மாட்டின் மேல் வைத்த கருணை கழுகைக் கொன்றது. இதைவிட பயங்கரமான கதை எந்தத் திரைக்கதைக்காரனுக்குக் கிடைக்கும்? ஆனால் அதில் வில்லன் கிடையாது. மருந்துச் சீசாவை முப்பரிமாணத்தில் பறக்கவிட முடியாது.

பக்ஷிராஜனின் தோற்றத்தைப் பார்த்ததும் சாலிம் அலி நினைவு வராதவர் இருக்க முடியாது. சாலிம் அலி (1896–1987) இந்தப் படத்துக் கிழவர்போல அப்பளமாய் நொறுங்குகிற ஆத்மா இல்லை. பையனாக இருக்கையில் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு, அது என்ன ஜாதி என்று விசாரிக்கப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனவர். அங்கே ஆரம்பித்தது எல்லாம். தன் சுயசரிதைக்கும் அந்தக் குருவியின் வீழ்ச்சியையே பெயராக வைத்தார். ஆராய்ச்சிக்காகப் பறவைகளைச் சுட்டுப் பாடம் செய்தவர். பறவையைத் தின்னக் கூச்சப்படாதவர். ஆனால் பறவைகளின் உலகத்தை நமக்குத் திறந்துவிட்டவர். எங்கள் நாகப்பட்டினம் ஜில்லாவின் தென்கோடியில் இருக்கும் கோடியக்கரையில் அந்தக் கழகத்தார் வலசைப் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டி விடுகிறார்கள். சேற்றில் நின்று, வலை விரித்து, எடை போட்டு, எழுதி வைத்து, விட்டுவிடுவது. அன்பு என்பது அங்கே ஒரு தொழில்; கண்ணீர் விட நேரமில்லாத தொழில். ஷங்கரின் பக்ஷிராஜனுக்குத் தொழில் இல்லை, கண்ணீர்தான். சர்க்கரைப் பாகில் ஊறவைத்த மகாத்மா. இப்படி ஊறவைத்தால்தானே பிறகு திடீரென்று ராட்சசனாக்க வசதி? மகாத்மா, ராட்சசன் என்ற இரண்டு வேஷங்களுக்கு நடுவே ஒரு மனுஷன் நிற்க இடமில்லை.

வசனத்தில் ஜெயமோகனின் கை இருக்கிறது. நம் சிறுபத்திரிகைகளிலிருந்து கிளம்பிப் போனவர் என்பதால் அவரிடம் கேட்க எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். 'யானை டாக்டர்' எழுதியவர் அவர். காட்டுக்கு உல்லாசம் போனவர்கள் உடைத்துப்போட்ட பீர் பாட்டில் யானையின் காலில் ஏறி, அது அழுகிச் சாவதை அந்தக் கதையில் வாசித்தவன் மறக்க மாட்டான். அங்கே குற்றவாளி வாசகன். பூதம் வரவில்லை, எந்திரன் வரவில்லை. ஒரு டாக்டர் புழுக்களுக்கு நடுவே கையை விடுகிறார், அவ்வளவுதான். அதே கை இங்கே எழுதியிருக்கிறது என்பதை நம்பக் கஷ்டமாக இருக்கிறது. கோடிகளைக் கொட்டும் இயந்திரத்துக்கு முன்னால் எழுத்தாளன் கூலிக்காரன், அவனைக் கேட்டுப் பிரயோஜனமில்லை என்பார்கள். அப்படியானால் அதை ஒப்புக்கொண்டு பேசுவோம். முதல் பாகத்தின் வசனத்தில் 2008ல் காலமான சுஜாதாவின் பங்கு இருந்தது. அவரை நாம் எத்தனை ஏசியிருக்கிறோம், கெட்டிக்காரத்தனம் மட்டுமே உள்ளவர் என்று. அந்தக் கெட்டிக்காரத்தனம் இரண்டாம் பாகத்தில் இல்லாமல்போனதை ஒவ்வொரு காட்சியிலும் உணர்ந்தேன். இங்கே நிரப்பப்பட்டிருப்பது நெகடிவ் எனர்ஜி, பாஸிடிவ் எனர்ஜி என்ற சாமியார் பாஷை.

பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். தயாரித்தது லைக்கா. வெளிநாடுகளில் செல்பேசி சிம் கார்டு விற்று வளர்ந்த குழுமம் அது. செல்பேசிக்கு விரோதமான படத்துக்குச் செல்பேசிக் காசு! கபடம் என்று நான் சொல்லவில்லை. முதலாளிக்கு இந்தப் படத்தால் ஒரு ஆபத்தும் வராது என்று நிச்சயமாகத் தெரிந்திருக்கிறது என்கிறேன். ஆபத்து வரக்கூடிய இடத்தில் படமே கதவைச் சாத்திவிடுகிறது.

எப்படிச் சாத்துகிறது? இரண்டாம் பாகம் என்ற வடிவத்தைக் கொண்டு. 'எந்திரன்' முடிவில் கோர்ட்டு உத்தரவுப்படி சிட்டி தன்னைத் தானே பாகம் பாகமாகக் கழற்றி வைக்கிறான். பேசிக்கொண்டே கழற்றுகிறான். ஆசைப்படக் கற்றுக்கொண்ட ஒரு ஜந்து தன் சாவைத் தன் கையால் நிறைவேற்றும் அந்தக் காட்சி, மற்ற ஆர்ப்பாட்டங்களையெல்லாம் மீறி அந்தப் படத்துக்கு ஒரு கௌரவத்தைத் தந்தது. சிந்திக்க ஆரம்பித்ததுதான் தன் குற்றம் என்று பொருட்காட்சிசாலையில் அவன் தலை ஒரு பள்ளிச் சிறுமியிடம் சொல்லும். 2030ல் நடப்பதாகக் காட்டினார்கள். இரண்டாம் பாகம் வந்ததும் வருஷக் கணக்கும் போயிற்று, சாவும் போயிற்று. தேவைப்பட்டால் ஸ்குரூவை முடுக்கி எழுப்பிக்கொள்ளலாம். போலீஸாலும் ராணுவத்தாலும் முடியவில்லை, மந்திரி கையெழுத்துப் போடுகிறார், எந்திரன் எழுகிறான். முதல் படத்தில் அதிகாரத்துக்குப் பயத்தை உண்டாக்கியவன் இதில் அதிகாரத்தின் ஆயுதம். அவன் இப்போது எதையும் சிந்திப்பதில்லை. சவால் விடுகிறான், சண்டை போடுகிறான். குற்றத்தை விட்டுவிட்டான் என்று வைத்துக்கொள்ளலாம்.

வெளியூர்க்காரர்களும் இதே சந்தையில்தான் கடை போட்டிருக்கிறார்கள். ஆனால் 2004ல் வந்த 'ஸ்பைடர்மேன்' இரண்டாம் பாகத்தில் அந்த எட்டுக்கை விஞ்ஞானி கடைசியில் தன் புத்திக்குத் திரும்பி, தான் செய்த இயந்திரத்தோடு தானே நீரில் அமிழ்கிறான். அவன் சாவு அவனுடையது. '2.0' வந்த அதே 2018ல் 'பிளாக் பாந்தர்' வந்தது. அதிலும் எதிரி சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதிலும் அவனைக் கொன்றுவிட்டு அவன் கேட்டதில் பாதியைக் கதாநாயகன் செய்கிறான். இருந்தாலும் சாகிறவனுக்கு ஒரு சூரிய அஸ்தமனத்தைக் காட்டி, அவன் பேச்சைக் கேட்கிறான். வியாபாரத்துக்குள்ளேயே இப்படி ஒரு மரியாதை சாத்தியம்.

பக்ஷிராஜனுக்குக் கிடைத்தது என்ன? கடைசிச் சண்டையில் சிட்டி தோற்கும் தறுவாயில், கட்டைவிரல் அளவு எந்திரன்கள் நூற்றுக்கணக்கில் வருகின்றன. புறாக்களின் மேல் ஏறி வருகின்றன. பறவையை அடிக்கப் பக்ஷிராஜனுக்குக் கை வராது என்று அவற்றுக்குத் தெரியும். விட்டுக்கொடுக்காவிட்டால் புறாக்களைக் கொன்றுவிடுவோம் என்று மிரட்டுகின்றன. கிழவர் துடித்துப்போய் விட்டுக்கொடுக்கிறார். தியேட்டர் அதிர்ந்தது.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு மனுஷனிடம் மிச்சமிருந்த ஒரே நல்ல குணத்தைப் பிடித்து அவனை வீழ்த்துகிறார்கள், வீழ்த்துகிறவன் கதாநாயகன். பிணையாக வைக்கப்பட்டவை, எவற்றுக்காக இந்தக் கதையே ஆரம்பித்ததோ அதே பறவைகள். நம்பியார் செய்திருந்தால் கொட்டகையில் ஏசியிருப்பார்கள். ரஜினிகாந்த் உருவம் செய்தால் விசில். அதற்கப்புறம் பக்ஷிராஜன் சொன்னதிலும் நியாயம் இருந்தது என்று வசீகரன் மந்திரியிடம் ஒரு வசனம் பேசி வைக்கிறார். அந்த வசனத்தை நம்பித்தான் இது சமூக அக்கறையுள்ள படம் என்று பத்திரிகைகள் எழுதின. தொழில்நுட்பத்தைப் புகழ்ந்தார்கள், பட்ஜெட்டைப் புகழ்ந்தார்கள். புறாக்களை யாரும் எண்ணவில்லை.

என் பக்கத்திலிருந்த பையன் முப்பரிமாணக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, 'புறாவ கொன்னுடுவாங்களா மாமா?' என்று கேட்டான். அவன் நாகூர்ப் பிள்ளை. பிரதாப சிம்ம ராஜா கட்டிக்கொடுத்த 131 அடிப் பெரிய மனாராவின் மாடங்களில் புறாக்கள் அடைவதைப் பார்த்து வளர்ந்தவன். வாசலில் தானியம் வாங்கி இறைக்க அவனுக்குத் தினமும் காசு வேண்டும். படத்தில் எந்தப் புறாவும் சாகவில்லை, சும்மா மிரட்டினார்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால், மிரட்டலாமா என்று அடுத்த கேள்வி வந்திருக்கும். 'படத்தைப் பாரு' என்றேன்.

அவன் இப்போது வளர்ந்துவிட்டான். போன மாதம் ஒருநாள் அந்திப்பொழுதில் தர்கா குளத்துப் படியில் உட்கார்ந்து போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். அதே சண்டை, அதே குட்டி எந்திரன்கள், உள்ளங்கை அகலத்தில். 'இந்த எடம் செம மாமா' என்று என்னிடம் நீட்டினான். கேட்ட கேள்வி அவனுக்கு ஞாபகம் இல்லை. மனாராவில் புறாக்கள் அடைந்துகொண்டிருந்தன. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் போனை வாங்கிக் கடைசிவரை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.